ஆப்கன் சூரா: கத்திக்கு ஒரு வயசு, உறைக்கு ஒரு வயசு

இங்கிலாந்துல சின்ன ஊர் ஏலத்துல எந்த ஆப்கன் கத்தி வந்தாலும் கேட்லாக்ல ‘முதல் ஆப்கன் போர், சுமார் 1840’னு எழுதிடுவாங்க, யாரு வந்து கேக்கப் போறாங்கிற தைரியம் தான். பிரிட்டிஷ்காரன் அங்க மூணு தடவ சண்டைக்குப் போயிருக்கான், 1839-42, 1878-80, அப்புறம் 1919, நடுவுல 1897-98ல திரா மலைப் பக்கம் அஃப்ரிதி பழங்குடிங்களோட நடந்தது வேற. ஒவ்வொரு தடவையும் சிப்பாயும் ஆபீசரும் பெட்டியில கத்தியப் போட்டு எடுத்துட்டு வந்திருக்காங்க, சண்டையே இல்லாத வருஷத்துலயும் பெஷாவர் பஜார்ல காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்காங்க. ஆனா விலை ஏறணும்னா 1840 தான் வசதி. நான் ஏலத்துல எடுத்த சூராவுக்கும் (ஆப்கன் எல்லைப் பக்கத்து சின்னக் குத்துக்கத்தி) அதே சீட்டு தான் ஒட்டியிருந்துச்சு, கத்திக்கும் உறைக்கும் சேத்து ஒரே வருஷம். அத ஓரமா வச்சிட்டு பாகம் பாகமா பாத்ததும், உறையில கொஞ்சம் ரிப்பேர் பண்ணதும் தான் இந்தப் பதிவு.

முதல்ல இது சூரா தானான்னு பாத்துக்கணும், ஏன்னா ‘ஆப்கன் டேகர்’ங்கிற ஒரே பேருக்குள்ள மூணு நாலு சாமான் கலந்து கெடக்கு. நுனிப்பக்கம் வளைஞ்சு திரும்புனா பேஷ்-கப்ஸ், அதே அமைப்புல நேரா இருந்தா கருத், இது ரெண்டும் பாரசீகத்துல ஆரம்பிச்சு வட இந்தியா வரைக்கும் புழங்குனது, சங்கிலிக் கவசத்துக்குள்ள நுழையணும்னே நுனிய தடிமனா விட்டிருப்பாங்க. ரொம்ப நீளமா, அடியில அகலமா இருந்தா கைபர் கத்தி, அத டேகர்னு சொல்றதே தப்பு, கிட்டத்தட்ட வாள் தான். சூரா இதுல எல்லாம் சின்னது, பிளேடு நேரா, பிடிக்குப் பக்கத்துல அகலமா ஆரம்பிச்சு ஊசியா முடியும், பிடியோட தலை கிளி மூக்கு மாதிரி ஒரு பக்கம் வளைஞ்சிருக்கும். கைபர் கணவாய், வஜிரிஸ்தான் பக்கத்து பழங்குடிங்க இடுப்புல சொருகுனது இது, மெஹ்சூத் ஆளுங்க பேரோட சேத்து தான் சேகரிக்கிறவங்க அதிகம் பேசுவாங்க. 1893ல ஆப்கனுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் எல்லையா டுராண்ட் கோடு போட்டப்புறம் இந்த இடத்துல பெரும்பகுதி பிரிட்டிஷ் இந்தியா பக்கம் போயிடுச்சு, அதனால ‘ஆப்கன்’ங்கிறத ரொம்ப கறாரா எடுத்துக்க வேண்டாம், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே ஜனம், ஒரே கத்தி.

சாமான் கைக்கு வந்ததும் பாலிஷ் பண்ணவே கூடாது. அழுக்கு, களிம்பு, பழைய கிரீஸ் எல்லாமே சாட்சி, துடைச்சா போச்சு. ஜன்னல் பக்கம் வச்சு சாய்வா வெளிச்சம் விழுற மாதிரி எல்லா பக்கமும் போட்டோ எடுத்துட்டு தான் துணியையே கையில எடுத்தேன். கருவின்னு பெருசா ஒண்ணும் இல்ல, பத்து மடங்கு லென்ஸ், சின்ன காந்தம், தடிமன் அளக்குற வெர்னியர், யூவி (புற ஊதா) டார்ச், அப்புறம் போன்ல மாட்டுற வயர் கேமரா, பைப் அடைப்பு பாக்குறவங்க வச்சிருப்பாங்களே அது. உறை விஷயத்துல அந்த கேமரா தான் ஹீரோ.

பிளேடு 19.5 சென்டிமீட்டர், பிடிகிட்ட அகலம் 2.6. குறுக்க வெட்டுனா இங்கிலீஷ் ‘T’ (டி) எழுத்து வடிவம், அதாவது முதுகுப் பக்கம் தடிச்ச விளிம்பு, அதுக்குக் கீழ வாய் (வெட்டுற ஓரம்) வரைக்கும் மெலிசான தகடு. இந்த வடிவம் அழகுக்கு இல்ல, எடை ஏறாம பிளேடு வளையாம நிக்கணும், குத்துற கத்திக்கு அது தான் முக்கியம். முதுகு பிடிகிட்ட 7 மில்லி, நுனிக்குப் போகப் போக சீரா கொறஞ்சு 2 மில்லி. இந்த சீரான இறக்கம் நல்ல அறிகுறி, கொல்லன் அடிச்சு இழுத்து அரம் போட்டு முடிச்ச வேலை. டூரிஸ்டுக்கு செஞ்ச பின்னாள் சாமான்ல முதுகு நுனி வரைக்கும் ஒரே தடிமனா போகும், இல்ல டி வடிவமே இருக்காது, தட்டையான ஷீட்ல வெட்டி எடுத்து மேல ஒரு கோடு கீறியிருப்பாங்க, குறுக்க கிரைண்டர் சக்கரத்தோட கீறல் லென்ஸ்ல பளிச்சுனு தெரியும்.

வயசு பாக்குறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் பிளேடும் பூணும் சேர்ற மூலை. சாணைக்கல்லு அந்த மூலைக்குள்ள முழுசா போகாது, அதனால வருஷக்கணக்கா தீட்டுன கத்தியில அங்க மட்டும் பழைய அகலம் அப்படியே நிக்கும், அதுக்கு அடுத்து சின்னதா ஒரு படி இறங்கும். இதுல அந்தப் படி ஒன்றரை மில்லி இருக்கு. லென்ஸ்ல பாத்தா படியோட ஓரம் மழுங்கி, மூலையில கருப்பா பழைய பிசுக்கு, தீட்டுன கோடெல்லாம் வாய்க்கு சாய்வா வேற வேற கோணத்துல போகுது. ஒரே ஆள் ஒரே நாள்ல மெஷின்ல தீட்டுனா இப்படி வராது. யாரோ ஆட்டுத்தோல் உரிக்கவும் கயிறு அறுக்கவும் தினமும் புழங்குன கத்தி, சுவத்துல மாட்ட செஞ்சது இல்ல.

ஊட்ஸ் எஃகா இருக்குமோன்னு ஒரு ஆசை, இருக்கத் தானே செய்யும். நம்ம தென்னிந்தியாவுல மூசையில வச்சு உருக்குன எஃகு, தெலங்கானாவுல கோனசமுத்திரம் மாதிரி ஊருக்கு பாரசீக வியாபாரிங்களே நேர்ல வந்து கட்டி கட்டியா வாங்கிட்டுப் போயிருக்காங்க, நல்ல பேஷ்-கப்ஸ் சிலதுல அந்த நெளிநெளியான தண்ணிக்கோலம் தெரியும். சூராவுல அது அபூர்வம். இருந்தாலும் பூணுக்குப் பக்கத்துல ஒரு சின்ன இடத்த மட்டும் அசிட்டோன்ல துடைச்சு, கோலம் இருந்தா வெளிய காட்டுற ஃபெரிக் குளோரைடு ரொம்ப தண்ணியா கலக்கி பஞ்சால தொட்டுப் பாத்தேன், உடனே சமையல் சோடா தண்ணியில துடைச்சு, ஸ்பிரிட் போட்டு ஒலத்தி, எண்ணெய் தடவியாச்சு. கோலம் இல்ல. நீளவாக்குல மங்கலா நாலஞ்சு கோடு தெரிஞ்சுது, அதாவது மடிச்சு அடிச்ச சாதா எஃகு. பரவாயில்ல, உள்ளூர் கொல்லன் வேலைங்கிறதுக்கு அதுவும் ஒத்துப்போகுது.

பிடி வெள்ளை. இங்க இங்கிலாந்துல வெள்ளை பிடின்னா முதல் கேள்வி தந்தமாங்கிறது தான், 2018 ஐவரி சட்டம் 2022ல அமலுக்கு வந்தப்புறம் யானைத் தந்தம் இருந்தா சும்மா விக்கவோ வாங்கவோ முடியாது, 1947க்கு முன்னாடி செஞ்ச பொருள்ல மொத்த அளவுல பத்து சதவீதத்துக்குக் கீழ தந்தம் இருந்தா மட்டும் பதிவு பண்ணிட்டு விக்கலாம்னு ஒரு விலக்கு இருக்கு, கத்திப் பிடி முழுசும் தந்தம்னா அந்தக் கணக்குல வர்றதே கஷ்டம். பாக்குறது ஈஸி தான். தந்தமா இருந்தா பிடியோட தலைப்பக்கம், குறுக்கு வெட்டு தெரியுற இடத்துல, ஒண்ணு மேல ஒண்ணு குறுக்க ஓடுற வலைக்கோடு இருக்கும். வால்ரஸ் பல்லா இருந்தா உள்பகுதி கஞ்சி கட்டுன மாதிரி திட்டுத்திட்டா இருக்கும். இதுல ரெண்டும் இல்ல, நீளவாக்குல குட்டிக் குட்டி கருப்புக் கோடு, வெட்டுன முனையில அதே புள்ளியா தெரியுது, ரத்தக்குழாய் ஓடுன துளையில அழுக்கு அடைஞ்சது. எலும்பு. சூடு பண்ண ஊசிய குத்திப் பாருன்னு சில பேர் சொல்வாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, பொருள்ல ஒரு கரும்புள்ளி விழுறது தான் மிச்சம்.

ரூம இருட்டாக்கிட்டு யூவி அடிச்சா எலும்பு நீலவெள்ளையா ஒளிருது. பிடிக்கு நடுவுல ஓடுற இரும்புப் பட்டைக்கும் எலும்புக்கும் இடையில ஆரஞ்சா ஒரு கோடு, அது அரக்கு, பழைய காலத்துல பிடிய ஒட்டுனதும் இடுக்க அடைச்சதும் அதால தான். ஆனா பூணுகிட்ட ஒரு மூலை மட்டும் சுண்ணாம்பு வெள்ளையா தனியா பளிச்சுனுச்சு. வெறும் கண்ணுக்கு எலும்போட கலரே தான். எபாக்ஸி, செயற்கைப் பசை. அது கடைக்கு வந்தது 1940கள்ல, அதனால அந்த மூலை ஒடஞ்சு அதுக்கப்புறம் எப்பவோ யாரோ அடைச்சிருக்காங்க. நல்லா தான் செஞ்சிருக்காங்க, எடுக்கல.

முத்திரை, எழுத்து எதுவுமே இல்லாத கத்திக்கு இருக்குற ஒரே உருப்படியான வழி, இந்த மாதிரி பொருள வச்சு ‘இதுக்கு முன்னாடி செஞ்சிருக்க முடியாது’ன்னு கீழ் எல்லை போடுறது தான். அலுமினியம் சீப்பா கெடைக்க ஆரம்பிச்சது 1886ல மின்சார முறை வந்தப்புறம், அதனால பிடியில அலுமினிய வளையம் இருந்தா 19ஆம் நூற்றாண்டு கதையெல்லாம் கிட்டத்தட்ட முடிஞ்சுது. பேக்கலைட் பிளாஸ்டிக்னா 1907க்கு அப்புறம். குரோமியம் பூச்சுன்னா 1920கள், பிளஸ் வடிவ ஸ்க்ரூ தலைன்னா 1930கள். என்னோடதுல எலும்புக்கும் பூணுக்கும் நடுவுல பித்தளையும் வெள்ளை உலோகமும் மாத்தி மாத்தி மெலிசா அடுக்கியிருக்கு. வெள்ளிய தேய்ச்சா கருப்புக் கறை வரும், இதுல தேஞ்ச ஓரம் லேசா மஞ்சளடிக்குது, பள்ளத்துல பச்சைக் களிம்பு, காந்தமும் இழுக்கல, ஜெர்மன் சில்வர், பேர்ல தான் வெள்ளி, உள்ள செம்பும் நிக்கலும் துத்தநாகமும். அது ஜெர்மனியில 1820கள்ல தான் தொழிற்சாலை சரக்கா வந்துச்சு, பஜார்ல தகடா தாராளமா கெடைக்க ஆரம்பிச்சதெல்லாம் ரொம்ப பின்னாடி. 1840ல கைபர் மலையில ஒரு கொல்லன் இத வாஷர் போட வெட்டிட்டு இருந்தான்னு என்னால நம்ப முடியல. அந்த அடுக்கு அரக்கோட சேந்து இறுகிப் போயிருக்கு, ரிவிட்டோட ரெண்டு தலையும் எலும்போட சேந்து ஒண்ணா தேஞ்சிருக்கு, அதனால பின்னாடி சொருகுனதும் இல்ல.

தேதி போட்ட ஆப்கன் கத்தி இல்லாம இல்ல. அமீர் அப்துர் ரஹ்மான் 1880ல இருந்து 1901 வரைக்கும் ஆண்டாரு, அவர் காலத்துல காபூல்ல மஷின் கானான்னு ஆயுதத் தொழிற்சாலை வந்துச்சு, அங்க படைக்கு செஞ்ச கைபர் கத்தியில மசூதி முத்திரையும் ஹிஜ்ரி (இஸ்லாமிய சந்திரக் கணக்கு) வருஷமும் இருக்கும். வருஷத்த 0.97ஆல பெருக்கி 622 கூட்டுனா நம்ம வருஷம் வந்துடும், 1311னா 1893 கடைசி. ஒரே ஒரு சிக்கல், 1922ல இருந்து அங்க சூரிய ஹிஜ்ரி கணக்குக்கு மாறிட்டாங்க, அதுல வெறும் 621 கூட்டணும், அதனால 1310ன்னு பாத்தா 1892ஆவும் இருக்கலாம் 1931ஆவும் இருக்கலாம், பொருளப் பாத்து தான் எதுன்னு சொல்ல முடியும். முத்திரை இருக்குன்னு உடனே நம்பிடவும் கூடாது, பெஷாவருக்குத் தெக்க தர்ரா ஆதம் கேல்ல துப்பாக்கியவே அச்சு அசலா காப்பி அடிக்கிறாங்க, விக்டோரியா ராணி 1901ல செத்தப்புறமும் அவங்க முத்திரையோட 1903, 1905னு துப்பாக்கி வரும்.

கத்தி கதை இவ்வளவு தான், 1880ல இருந்து 1910க்குள்ளன்னு குறிச்சிருக்கேன். இனிமே உறை. வேலையும் அதுல தான், சுவாரசியமும் அதுல தான்.

ரெண்டு மரச்சில்ல குடைஞ்சு சேத்து ஒட்டி, மேல கருப்புத் தோல் சுத்தி, பின்பக்கம் தையல், வாயில பித்தளைப் பூண், நுனியில நீளமா ஜெர்மன் சில்வர் பூண், இது தான் வழக்கமான அமைப்பு. ஆப்கன் உறை ஆழம், கத்தி பிளேடு மட்டும் இல்லாம பிடியும் பாதிக்கு மேல உள்ள இறங்கும், கொக்கி கிக்கி ஒண்ணும் கெடையாது, மரத்தோட இறுக்கத்துல தான் நிக்கணும். அதனால நெசமான ஜோடின்னா எலும்புப் பிடியில ஒரு எல்லைக்கோடு விழுந்திருக்கும், வெளிய நிக்கிற தலைப்பக்கம் கைப்பிசுக்குலயும் வெயில்லயும் பழுத்து தேன் கலராயிடும், உள்ள இருக்குறது வெளுப்பா நிக்கும். என் சூராவுல அந்தக் கோடு அழகா இருக்கு. உறைக்குள்ள போட்டா கோடு வாய்ப்பூணுக்கு மேல ஒரு விரக்கடை தள்ளி நிக்குது. அதோட கத்தி லொடலொடன்னு ஆடுது.

கேமராவ உள்ள விட்டேன். மரத்துல பிளேடோட வாய் பட்டு பட்டு அறுத்த கோடு ஒண்ணு தெளிவா ஓடுது, எதிர்ப்பக்கம் முதுகு உரசி பளபளன்னு ஒரு வாய்க்கால். வயர்ல டேப் ஒட்டி அளந்தேன், அறுத்த கோடு பிளேடு ஆரம்பிக்கிற இடத்துல இருந்து 22 சென்டிமீட்டர் போகுது. என் பிளேடு 19.5. முதுகு வாய்க்காலோட அகலமும் கூட. அதாவது இந்த உறைக்குள்ள பல வருஷம் வேற ஒரு கத்தி, இத விடப் பெருசா, குடியிருந்திருக்கு. புதுசா ஒரு கீறல் கூட 19.5ல முடியல, அதனால இந்த ஜோடி சேந்தது புழக்கத்துல இருந்தப்ப இல்ல, யாரோ வியாபாரியோ வீட்டுக்காரங்களோ அலமாரியில வச்சு சேத்துவிட்டது.

உறையே ஒரு வயசு இல்லங்கிறது அடுத்த கூத்து. மேல் முக்கால் பாகம் தோல் கையால தச்சது, ஓட்டை ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இடைவெளி, நூல்ல மெழுகு. கீழ ஆறு சென்டிமீட்டர் மட்டும் வேற தோல், தையல் மெஷின் தையல், ஒரே அளவு, மேல ஒரு நூல் கீழ ஒரு நூல். வெட்டுன ஓரத்த லென்ஸ்ல பாத்தா நடுவுல நீலம் கலந்த சாம்பல், குரோம் பதம் (குரோமியம் உப்புல) போட்ட தோல். அந்த முறைக்கு அமெரிக்காவுல பேட்டன்ட் வாங்குனதே 1884ல, மலைக்கிராமத்து செருப்பு தைக்கிறவர் கைக்கு அது வர இன்னும் பல காலம் ஆயிருக்கும். மரத்து மேல வச்சு மெஷின்ல தைக்க முடியாதுல்ல, தனியா குழாயா தச்சு நுனி வழியா ஏத்தியிருக்காங்க, அதுக்காக நுனிப்பூண கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்க, ஈயப்பத்து வழிஞ்சு தோல் மேலயே சொட்டியிருக்கு. நுனியில இருக்க வேண்டிய குட்டி உருண்டை காணாம போனதும் அப்போ தான் இருக்கும்.

ஆக மேல் தோலும் மரமும் கத்தியோட சம காலம்னு சொல்லலாம், கீழ் ஒட்டு அதுக்கு ஒரு தலைமுறை கழிச்சு.

ரிப்பேர். பிளேடுல ஆரஞ்சா பொடியா உதிர்ற துரு மட்டும் தான் எதிரி, கரும்பழுப்பா இறுகுனது காவல், அத தொடவே கூடாது. தையல் மெஷின் எண்ணெய் போட்டு ஊறவிட்டு, செதுக்குன எருமைக்கொம்பு முனையால பொடிய மட்டும் தள்ளினேன், கம்பிப்பஞ்சு போடல. கடைசியில மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு, பிரிட்டிஷ் மியூசியத்துல உருவாக்குன அதே வகை, அரிசி அளவு எடுத்தா பிளேடு முழுசுக்கும் காணும். பித்தளையில தோல் தொடுற இடத்துல பச்சையா கொழகொழன்னு ஒண்ணு இருக்கும், தோல்ல இருக்குற கொழுப்பும் செம்பும் சேந்த களிம்பு, பல்குச்சியால சுரண்டி பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு துடைச்சா போயிடும். பாலிஷ் கிரீம் போட்டீங்கன்னா வெள்ளையா காஞ்சு ஒவ்வொரு இடுக்குலயும் உக்காந்துக்கும், அப்புறம் ஆயுசுக்கும் அத குத்தி எடுத்துட்டு இருக்கணும்.

மேல் தோல் செவப்பா பொடிஞ்சு விரல்ல ஒட்டுச்சு. மரப்பட்டைச் சாறுல பதம் போட்ட பழைய தோலுக்கு காத்துல இருக்குற அமிலத்தால வர்ற வியாதி இது, எண்ணெயோ ஷூ பாலிஷோ போட்டா இன்னும் கெடும், தண்ணி பட்டா அந்த இடம் கருத்து வெறைச்சுப் போயிடும். அதனால முதல்ல பொடியுற தோல இறுக்கிப் பிடிக்கிற க்ளூசெல் ஜிங்கிற செல்லுலோஸ் பவுடர ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ரெண்டு சதவீதம் கரைச்சு பிரஷ்ல மெலிசா பூசி, காய விட்டு, திரும்பப் பூசி, பொடி உதிர்றது நின்னப்புறம் தான் விரிஞ்ச தையல்கிட்ட போனேன். அங்க ஜப்பான் டிஷ்யூ பேப்பர தோல் கலர் அடிச்சு, தண்ணி கம்மியா கிண்டுன கோதுமை மாவுப் பசையில ஒட்டி, துணிப்பட்டை சுத்தி ராத்திரி முழுக்க விட்டேன். பழைய நூல் அப்படியே இருக்கு, புதுசா ஒரு தையல் கூட போடல. மெஷின் தையல் போட்ட ஒட்டையும் பிரிக்கல, அசிங்கமா இருக்கு தான், ஆனா அதுவும் அந்த உறையோட வாழ்க்கை.

இப்போ ரெண்டையும் தனித்தனியா வச்சிருக்கேன், தோல் உறைக்குள்ள கத்திய வருஷக்கணக்கா போட்டு வச்சா பதம் போட்ட அமிலம் பிளேடத் தின்னும், ஜோடி இல்லாத உறைக்கு அந்த ரிஸ்க் எதுக்கு. ரெண்டுக்கும் தனித்தனி சீட்டு, கத்திக்கு 1880-1910, எபாக்ஸி மூலை 1940களுக்கு அப்புறம். உறைக்கு மரமும் மேல் தோலும் அதே காலம், கீழ் தோலும் ஈயப்பத்தும் 20ஆம் நூற்றாண்டு, வேற கத்தியோடதுன்னு அளவோட எழுதி வச்சாச்சு. நுனி உருண்டைய பித்தளையில கடைஞ்சு பொருத்தலாம்னு லேத் வச்சிருக்குற நண்பர் கேட்டாரு, வேண்டாம்னுட்டேன், நாளைக்கு இன்னொருத்தர் அத ஒரிஜினல்னு அளந்துட்டு உக்காந்திருப்பாரு. பூச்சி நுழையாம இருக்க ஓட்டையில தேன்மெழுகு மட்டும் அடைச்சிருக்கேன், வேணாம்னா நகத்தால கெல்லி எடுத்துடலாம்.